தக்கலை போர்டில் என் படம்

சனிக்கிழமை, இரவு

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த ஜவுளிக்கடை பிளக்ஸ் போர்டு இன்று காலை ஏறிவிட்டது. அதில் பட்டுச்சேலை உடுத்திக் கை கூப்பி நிற்பது நான். மாடலாக இதுதான் முதல் வேலை. படத்தைச் சுற்றி மல்லிகைப்பூ பார்டர் போட்டிருக்கிறார்கள்.

முகத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்று போட்டோகிராபர் சொன்னார். வேண்டாம், என் நிறம் இதுதான் என்றேன். சொன்னது சரிதானா என்று ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் அப்பாவின் தங்கை ஸ்டெல்லா மாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மாரில் அடித்து அழுதாள். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்திருக்கிறாள். கை கூப்பிய படம், சுற்றிலும் பூ. கண்ணீர் அஞ்சலி என்றே நினைத்துவிட்டாள். போன் பண்ணிக் கேட்கக்கூடக் கை வரவில்லையாம்.

சாப்பிட்ட கையோடு வெளியே ஓடினேன்.

"ஏட்டி, நீ சாவலியா?" என்று முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்து இன்னும் சத்தமாக அழுதாள்.

காப்பி குடிக்கும்போது கேட்டேன். "ஓடுற பஸ்சுல இருந்து நான்தான்னு எப்படி மாமி தெரிஞ்சுது?"

"இது என்ன கேள்வி மக்களே? நம்ம வீட்டுக் கருப்புல்லா அது! வெளுத்த பிள்ளைன்னா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

நாளை சர்ச்சில் ஞாயிறு பூசையில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். வழக்கமாக உட்காரும் கடைசி வரிசை வேண்டாம். முன்னால் போய் உட்காரப்போகிறேன்.