ஸ்டைல் கைடும் உன் நோட்டும்

என் அன்பு நர்ஸம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் ஆபீஸ் கதை. பல் மருத்துவமனைக்கு ஒரு இணையதளம் வடிவமைத்தேன் இல்லையா, அதற்கு ஸ்டைல் கைடு எழுதச் சொன்னார் மேனேஜர். எந்த நீலம், எழுத்து எவ்வளவு பெரிசு, பட்டனுக்கும் பட்டனுக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாம் அதில் இருக்கவேண்டும். "நாளைக்கு நீங்க இல்லன்னாலும் வேலை ஓடணும்ல" என்றார். சீட்டைக் கிழிக்கத்தான் அடிபோடுகிறார் என்று நினைத்தேன். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நோயாளி போன் நம்பரைத் தப்பாகப் போட்டால் திரையில் என்ன காட்டவேண்டும் என்கிற பக்கம்.

அந்தத் தளத்துக்குப் புரோகிராம் எழுதுகிற பெண் இரண்டே நாளில் வந்து நின்றாள். "சார், இது கைடுல இல்லையே?" மறந்துவிட்டேன் என்றேன். "நீங்க மறக்கற ஆளா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. அடுத்த தளத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்.

இனி நம் வீட்டு விஷயம். வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது நீ எழுதிக் கொடுத்த நோட்டை இந்த வாரம் மறுபடி முழுசாகப் படித்தேன். கேஸ் புக் செய்யும் நம்பர், பாப்பாவுக்கு ஜடை பின்னும் விதம், அவள் பால் குடிக்க அடம்பிடித்தால் என்ன சொல்லவேண்டும், என் சட்டைகள் எந்த அடுக்கில், ஒன்றும் விடவில்லை நீ. ஷிப்ட் மாறும்போது எழுதி ஒப்படைக்கிற பழக்கம் என்பாய். ஆறு மாதத்தில் திரும்பி வருகிறவள் இத்தனை எழுதுவாளா? இப்போது எட்டாவது மாதம். எப்போது வருகிறாய் என்று போன வாரம் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

முந்தாநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். பயப்படாதே, இறங்கிவிட்டது. இருபத்துமூன்றாம் பக்கத்தில் இருந்தபடி மருந்து கொடுத்தேன், துணி நனைத்துத் துடைத்தேன், முயல் கதை சொன்னேன். தூங்கப் போகும்முன் "அம்மா மாதிரியே செய்றீங்கப்பா" என்றாள். சந்தோஷப்பட வேண்டியவன், சமையலறையில் போய் நின்று அழுதேன். நீ இல்லாமலும் வேலை ஓடுகிறது. எனக்கு அதுதான் பயம்.

ஆபீஸில் என் சந்தேகம் பொய்த்தது. இங்கேயும் பொய்க்கட்டும். விட்டுப்போன பக்கம் ஏதாவது இருக்குமா என்று உன் நோட்டை அட்டை வரை புரட்டிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் இல்லை, நீ வரும் தேதி. நீ மறக்கிற ஆள் இல்லை. அதை மட்டும் எழுதி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் சந்தேகப் பிராணி