ராஜாத்தியின் தலையில் முள்

இன்று காலை கூண்டுக்கடியில் பெருக்கியபோது மஞ்சள் இறகுகளோடு வெள்ளைத் தூளும் விளக்குமாற்றில் வந்தது. பார்க்கப் பொடுகு மாதிரி. மூன்று வாரமாக உங்கள் ராஜாத்தி இறகு உதிர்க்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை.

இந்தக் கிளியை நீங்கள் வாங்கி வந்த வருடம் இறகு கொட்டியதைப் பார்த்து, சீக்கு என்று நினைத்து உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அரூர் பஸ்ஸில் கண்டக்டர் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினீர்கள். "என்னா காரியம் பண்ணி வெச்சிருக்க! இறகு ஒட்டிக்கிச்சுன்னா குளிரு தாங்குமா அது?" வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கழுவிக் கழுவிச் சாப்பாட்டையே மறந்தீர்கள். "என் தலைக்கு ஒருநாளாவது எண்ண வெச்சு உட்டிருக்கீங்களா?" என்றேன். நீங்கள் கிளியைத் துவட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஏழு வருடமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

இப்போது எல்லாம் நீங்கள் செய்தபடிதான். காலை வெயிலில் தண்ணீர் தெளிக்கிறேன். முருங்கைக்கீரையும் அவித்த முட்டையும் கொடுக்கிறேன். முதுகும் வாலும் பளபளவென்று வந்துவிட்டன. தலை மட்டும் முள்ளு முள்ளாக நிற்கிறது. ஏன் தலை மட்டும்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். புது இறகு உறைக்குள் சுருண்டு முளைக்கிறது. அலகால் நெருடி உறையை உதிர்த்தால்தான் விரிகிறது. அந்த அலகு முதுகுக்கு எட்டுகிறது, இறக்கைக்கு அடியிலும் எட்டுகிறது. தன் தலைக்கு எட்டவில்லை!

அடக் கடவுளே, இதற்குத்தானா சாயங்காலமானால் அதை நெஞ்சில் போட்டுத் தலையை நெருடிக்கொண்டிருந்தீர்கள்? நான் கொஞ்சல் என்றல்லவா நினைத்தேன்.

நான் கை நீட்டினால் கடிக்கிறது. மகளிடம் போனில் புலம்பினேன். "எங்க ஃப்ரெண்டு வூட்ல இதே ஜாதி ஒன்னு இருக்குதும்மா. ஜோடி இருந்தா ஒன்னுக்கொன்னு பாத்துக்கும். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றாள். சரி என்றுவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கூண்டு முன்னால் வந்து நின்றேன். உங்கள் காலடிச் சத்தம் தெரிந்த உயிர் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே மிச்சம்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் கூண்டைத் திறந்துவிட்டு, கை நீட்டாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தானாகத் தோளில் ஏறி, நெஞ்சுக்கு இறங்கி, தலையைத் தாழ்த்தியது. கருத்த முள்ளில் ரத்தம் ஓடும், தொடாதே என்று எண்ணெய் கழுவிய அன்று நீங்கள் சொன்னது நல்லவேளையாக நினைவிருந்தது. வெளுத்துக் காய்ந்ததை மட்டும் விரலிடுக்கில் மெல்ல உருட்டினேன். தூள் உதிர்ந்து மஞ்சள் விரிந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. உடனே மகளைக் கூப்பிட்டேன். "நாளைக்கு வந்து சோறு தின்னுட்டுப் போ. கிளி எங்கயும் வராது."

முக்கால் மணி நேரமாகியும் பாதித் தலைகூட முடியவில்லை. தோள்பட்டை கடுக்கிறது. பகலெல்லாம் பஸ் கம்பியைப் பிடித்து நின்ற கையோடு தினமும் இதைச் செய்திருக்கிறீர்கள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிடித்துவிட்டிருப்பேனே.