ஐந்தாவது டேக்

நேற்று மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். ஐம்பது கிராம் அதிமதுரம் கேட்டேன். கடைக்கார அம்மாள் டப்பாவைத் திறந்ததும் மண் கலந்த அந்த இனிப்பு வாசனை வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். அது போதாதென்று, தராசின் மேல் சாய்த்து வைத்திருந்த அவருடைய போனில் நம்முடைய கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கிரேக்கத்து மலைப்பாதையில் அந்தப் பதினாறு வயதுப் பையன் ஏறிக்கொண்டிருந்தான். கடைசிப் பகுதி. இன்னும் மூன்று நிமிடத்தில் அவன் கத்துவான் என்று எனக்குத் தெரியும். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அந்த அம்மாள் பொட்டலத்தை இன்னும் மடிக்க ஆரம்பிக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்ல எனக்கு எப்போதுமே தைரியம் கிடையாது, சுற்றி வளைத்துத்தான் வருவேன். திட்டிக்கொண்டே கேள்.

முதலில் அந்தப் பையன் வளர்ந்து வீரனான கதை பெரிய படமாக வந்து ஓடியிருந்தது. அதில் அவன் தோள் புடைத்த ஆள். படம் நன்றாகப் போனதால், அவன் பள்ளிக்கூடம் போன காலத்தைத் தனித் தொடராக டிவிக்கு எடுத்தார்கள். தகப்பன் மலை உச்சியில் தெய்வம். பிள்ளை கீழே ஊரில் வகுப்பில் தூங்கி வழிந்து, திட்டு வாங்கி, சாயங்காலமானால் அரக்கர்களோடு மல்லுக்கட்டுவான். தமிழ் வசனமும் குரல் பதிவும் என் பொறுப்பு. தி. நகரில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்டுடியோ. பையன் குரலுக்குப் பெண்களைத்தான் போடுவோம். நிஜப் பையனைப் போட்டால் தொடர் பாதியில் இருக்கும்போதே குரல் மாறிவிடும். பத்துப் பேரைக் கேட்டு எனக்கு அலுத்துப்போன நேரத்தில், சாந்தோம் குப்பத்திலிருந்து நீ வந்தாய், வழியில் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்ட சூடு ஆறாமல். காட்சியைப் போட்டுக் காட்டினேன். “இன்னா வாத்தியாரே, தெய்வத்துக்குப் பொறந்துட்டு கணக்குல பெயிலா? அப்ப நம்ம ஆளுதான்” என்றாய். வேறு யாரையும் நான் கேட்கவில்லை.

எங்கள் வேலையில் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. கத்தலைக் கடைசியில் எடு. அலறல், அடி வாங்கும் சத்தம், போர்க்கூச்சல் எல்லாம் அன்றைய வசனம் முழுக்க முடிந்த பிறகுதான், ஏனென்றால் கத்திய தொண்டையில் வசனம் நிற்காது. இருபது வருஷம் காப்பாற்றிய அந்த விதியை ஒருநாள் நானே மீறினேன். தொடரை வாங்கிய கம்பெனியின் ஆள் வந்திருந்தார். அவருக்குப் பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் சண்டைக் காட்சியைக் கேட்டுவிட வேண்டும். சரியென்று காலையிலேயே உன்னைக் கத்தவிட்டேன். முப்பது கத்தல் இருக்கும். அதற்குப் பிறகு சாதாரண வசனம் ஒன்று, ‘எனக்குப் பயமில்லை’. அதன் நடுவில் உன் குரல் பிளந்தது. பாதி அடித்தொண்டையில் இறங்கி, மீதி கீச்சென்று மேலே ஏறியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். இதுதான் பதினாறு வயசு, தொடர் முழுக்க இதே குரல் வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து, தினமும் மைக் முன்னால் வருவதற்கு முன்பு, நீ மாடிப்படியில் போய் நின்று கத்தினாய். முதல் நாள் கீழேயிருந்து துணிக்கடைக் காவலாளி பதறி ஓடிவந்தார். பிறகு அவருக்குப் பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது, அதை நினைத்தால்தான் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. குரலை உடைத்துக்கொண்டு உள்ளே வருவாய். ஒரு துண்டு அதிமதுரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாற்பது பகுதிகள் பேசினாய். தொடர் பிரமாதமாகப் போனது. என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

கடைசிப் பகுதிக்கு முந்தின வாரம் ராயப்பேட்டையில் ஒரு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாய். குரல் நாணில் வீக்கம், ஒரு மாதம் வாயைத் திறக்காதே, கத்துவதை மறந்துவிடு என்றிருந்தார். வேறு ஆளைப் போடட்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீயேதான் சொன்னாய்: “புதன்கெயம முடிச்சுரலாம். ஆனா அந்தக் கத்தல மட்டும் ஒரே தபாதான் தருவேன். வெள்ளிக்கெயம பாடணும், தெரியுமில்ல?”

“சத்தியமா ஒரே டேக்” என்றேன்.

அந்த வெள்ளி, பெரிய வெள்ளி. உங்கள் குப்பத்து மாதா கோயிலில் அன்று மணி அடிக்காது, கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திவிடுவார்கள். சிலுவையை முத்தமிட ஊரே வரிசையில் நகரும்போது ஒரே ஒரு குரல் பாடும். உன் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சேலையில் வந்து நின்று பாடிய இடம். அவருக்குப் பிறகு பதினெட்டு வருஷமாக உன் இடம். எதை எடுத்தாலும் கேலி பேசுகிற நீ, அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் கேலி பேசி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை மத்தியானம். பையன் மலை உச்சிக்கு வந்துவிட்டான். தகப்பனின் வாசல் அடைத்திருக்கிறது. அவன் ‘அப்பா’ என்று கத்த வேண்டும், கதவு திறக்க வேண்டும், தொடர் முடிய வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ. சிவப்பு விளக்கு எரிந்தது. கத்தினாய். என் பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். “ஓகே சார்” என்றார். நீ ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் உன்னோடு பேசும் பொத்தானை அழுத்தி “இன்னொண்ணு” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஆள் அன்று இல்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நன்றாக வந்துவிட்டதை இன்னும் கொஞ்சம் நன்றாக வரவைக்கலாம் என்கிற பேராசைதான்.

நீ கோபப்பட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “வெள்ளிக்கெயம கீது வாத்தியாரே” என்று மட்டும் சொன்னாய். கடைசியில் மூச்சு குறைகிறது, ஒரே ஒரு தடவை என்றேன். இரண்டாவதில் மூச்சு வந்தது, ஆனால் படத்துப் பையனின் உதட்டுக்குக் குரல் பிந்தியது. மூன்றாவதில் இருமல். ஒலிப்பதிவாளர் என் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். நான்காவதில் சத்தம் நடுவில் அறுந்தது. அங்கேயாவது விட்டிருக்கலாம். ஐந்தாவது கேட்டேன். மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாய். பிறகு வெளியே வந்து, என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, வசனத்தாளின் ஓரத்தில் ‘போதுமா’ என்று எழுதினாய்.

வெள்ளிக்கிழமை உங்கள் கோயிலில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. வரிசை நகர ஆரம்பித்தது, நீ எடுத்தாய். முதல் வரி வந்தது. கட்டியிருந்த கையைத் தளர்த்தினேன். இரண்டாவது வரி மேலே ஏறுகிற இடத்தில் வெறும் காற்று வந்தது. மறுபடி எடுத்தாய். மறுபடியும் காற்று. கோயில் முழுக்க வெறுங்கால்கள் தரையில் உரசுகிற சத்தம் மட்டும். எவ்வளவு நேரமோ தெரியாது, உன் பின்னால் நின்ற மீன்கார அம்மாள் ஒருவர் தன் கரகரத்த குரலில் நீ விட்ட இடத்திலிருந்து பிடித்தார். நீ திரும்பவில்லை, நகரவும் இல்லை. அவர் பாடப் பாட நீ உதட்டை அசைத்தாய். ஓர் எழுத்துகூடப் பிந்தவில்லை. அடுத்தவர் உதட்டுக்குக் குரல் பொருத்தியே பிழைத்த நான், அதைப் பார்க்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் ஒலிகளைச் சேர்த்து முடிக்க உட்கார்ந்தோம். ஒலிப்பதிவாளர் ஐந்தையும் வரிசையாகப் போட்டார். பிறகு என்னைக் கேட்காமலே ஒன்றை எடுத்துப் படத்தில் வைத்தார். நான் மறுக்கவில்லை.

ஆறு மாதத்தில் உனக்குப் பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. நீ என் மேல் பழி போட்டிருந்தால் சொல்ல நூறு சமாதானம் வைத்திருந்தேன். நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான். பெசன்ட் நகர் பஸ்ஸில், யார் வீட்டுக் கல்யாணத்திலோ, கடைசியில் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும்கூட: “அந்த அஞ்சாவதத்தானே போட்ட?”

“ஆமாம்” என்பேன்.

“அப்ப சரி. சும்மா போவல” என்பாய்.

நேற்றுக் கடையில் பையன் உச்சிக்கு வந்தான், வாயைத் திறந்தான். பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார். “யார் பெத்த புள்ளையோ, இன்னா தொண்டை பாரு” என்றார். எவ்வளவு என்று கேட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

அதிமதுரம் எனக்கல்ல. இப்போது பேச வருகிற பெண்களுக்குக் கொடுப்பதற்காக எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். கத்தலைக் கடைசியில் வைக்கிறேன், ஒன்றோடு விட்டுவிடுகிறேன். சாருக்கு வயசாகிவிட்டது, சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பார்க்கிறார் என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. விழட்டும்.

இப்போது சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதைப் போடவில்லை. நேற்று அந்த அம்மாள் கேட்டது நீ முதலில் கொடுத்தது. அது சரியாக இருந்தது என்று, பொத்தானை அழுத்தும்போதே எனக்குத் தெரியும்.