சனிக்கிழமைப் புத்தகங்கள்

இன்று காலை மேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் பையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தாள். அட்டையைத் தடவினாள், விரித்து முகர்ந்து பார்த்தாள், பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னைப் போலவே புத்தகத்தைத் தலைகீழாகப் படிக்கிற இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

"கொலை செஞ்சது யாருன்னு மொதல்லயே தெரிஞ்சுட்டா நிம்மதியாப் படிக்கலாம்ல" என்பாய் நீ. அப்புறம் எதற்குத் துப்பறியும் கதை படிக்கிறாய் என்று நான் சண்டைக்கு வருவேன். "யாரு செஞ்சான்னு பாக்கவா படிக்கிறேன்? ஏன் செஞ்சான்னு பாக்கத்தான்டி" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாய். உன் வீட்டுப் புளியோதரை வாசனைக்கு முன்னால் என் சண்டை நிற்காது.

தொண்ணூறுகளின் நடுவில், மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில்தான் நாம் சந்தித்தோம். உன் அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். வீட்டில் நீங்கள் பேசுவது சௌராஷ்டிரம். நான் மேலூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அதற்கு மேல் என்னைப் பற்றி அப்போது உனக்குத் தெரியாது. அதற்கு மேல் யாருக்கும் நான் சொல்வதும் இல்லை. நாள் முழுக்க இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று கம்ப்யூட்டரில் அடித்துத் தள்ளுவோம். ஊரில் நல்லது கெட்டது எல்லாம் நம் விரல் வழியாகத்தான் போகிறது என்று நீ பெருமையாகச் சொல்வாய்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆளுக்கொரு புத்தகத்தை எடுப்போம். நீ கொலையும் பேயும் வருகிற மாத நாவல்கள். நான் மாமியாரும் மருமகளும் கடைசியில் கட்டிப்பிடித்து அழுகிற குடும்பக் கதைகள். ஒருவர் புத்தகத்தை ஒருவர் கேலி செய்வதே வேலையாக இருந்தது. ஒருநாள் நீயே அலுத்துப்போய், "இம்புட்டுப் பேசுறேல்ல, என்னோடத ஒண்ணு படி. ஒன்னோடத நான் படிக்கிறேன்" என்றாய். அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருத்தி இன்னொருத்திக்கு, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். அவளாகப் போனால் கையால்கூடத் தொடமாட்டாள் என்கிற மாதிரிப் புத்தகமாக இருக்க வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முடித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

முதலில் பழிவாங்கத்தான் செய்தோம். நீ கொடுத்த பேய்க் கதையைப் படித்துவிட்டு நான் வீட்டுக்குப் பின்னால் தனியாகப் போகப் பயந்தேன். பதிலுக்கு நான் விவசாயம், மாடு, கண்மாய் என்று போகிற ஒரு தடித்த நாவலைத் தந்தேன். மாட்டின் கயிற்றைக்கூடப் பிடித்திராத நீ, திங்கள்கிழமை கண்கள் வீங்கி வந்தாய். "அந்தக் காளைய எதுக்குடி வித்தான்? வேற வழியே இல்லையா?" என்று கேட்டாய். அன்று முழுக்க நீ அடித்த பத்திரிகைகளில் எங்கு பார்த்தாலும் எழுத்துப்பிழை.

அதற்குப் பிறகு பழிவாங்குவது போய்விட்டது. புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் நாம் போய்க் குனியாத குவியல் இல்லை. ராஜாக்கள் குதிரையில் வருகிற சரித்திரக் கதை ஒரு வாரம். நட்சத்திரங்களைப் பற்றிய விஞ்ஞானப் புத்தகம் ஒரு வாரம். சித்திரை வெயிலில் தார் உருகிக் கிடக்கும்போது, எங்கோ வெளிநாட்டில் பனியில் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதையை மொழிபெயர்ப்பில் படித்தோம். "பனின்னா நம்ம ஐஸ் பேக்டரி மாதிரி இருக்குமா?" என்று நீ கேட்டாய். எனக்கும் தெரியாது. இருந்தாலும் அந்த அம்மா குழந்தையின் கையை ஊதி ஊதிச் சூடாக்குகிற இடத்தில் இருவருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கவிதைதான் நமக்கு வசப்படாமல் இருந்தது. கரண்ட் போன ஒரு மத்தியானம் நீ ஒரு கவிதையைச் சத்தமாகப் படித்தாய். சென்டர் வைத்திருந்த அண்ணன் கீழே டீ குடித்துவிட்டு மேலே வந்தவர், நீ முடிக்கும் வரை படியிலேயே நின்றார். "யம்மா, அது என்ன, பாட்டா?" என்றார். "தெரியலண்ணே" என்றாய். "எதுவா இருந்தா என்ன, இன்னொருக்கா படி" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் ஒருநாள் நான் மட்டும் தனியாகப் புதுமண்டபம் போயிருந்தேன். குவியலின் அடியில் ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. ஒருவர் தன் சொந்த வாழ்க்கையை எழுதியது. நின்றபடியே படிக்கத் தொடங்கினேன். ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. டீக்கடையில் தனியாகக் கவிழ்த்து வைத்த கிளாஸ். அடுத்தவர் வயலில் நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு, கூலிக்காக வாசலுக்கு வெளியே நிற்கிற அம்மா. அது என் அம்மா. நான் பிறந்த வீடு, நான் நடந்த பாதை. இதையெல்லாம் ஒருவர் புத்தகமாகப் போடலாம், அது கடையில் கிடைக்கும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை என் முறை. நான் யார் என்பதைப் பத்து வார்த்தையில் வாயால் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி உன்னிடம் தந்தேன். "என்னடி, பார்சல் எல்லாம் பலமா இருக்கு?" என்று சிரித்தபடியே பையில் போட்டுக்கொண்டாய்.

திங்கள்கிழமை நீ புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாய், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பற்றித் தெரிந்ததும் பேச்சு நின்றுபோனவர்களைப் பள்ளிக்கூடத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். நீயும் அப்படித்தானா என்று நினைத்தபோது, வேலையை விட்டுவிடலாம் போல இருந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் அண்ணா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாய். பஸ் கிளம்பப் போகிறபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"ஒங்க ஊருக்குக் காலையில எத்தன மணிக்கு பஸ்ஸுடி?"

"எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம வாரேன்."

"எங்க வீடு ஊருக்குள்ள இல்ல."

"அதான் படிச்சேனே. வாரேன்."

சொன்னபடியே வந்தாய். நிறுத்தத்தில் காத்திரு என்று நான் சொல்லியும் கேளாமல் முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கி, டீக்கடையில் போய் என் அம்மாவின் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறாய். "அங்கயா? நீங்க யாரு?" என்று கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். "அவுக மக கூட்டாளி" என்றாயாம். ஒன்றுமே நடக்காத மாதிரி சுங்குடிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நீ நடந்து வந்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. நம் வீட்டில் சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று, உனக்காகக் கடையிலிருந்து கலர் சோடா பாட்டில் வாங்கி வைத்திருந்தாள். அதை நீட்டினாள். நீ வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தாய்.

"ஏம்மா, சோறு இல்லையா? மதுரையில இருந்து பசியோட வந்திருக்கேன்."

"கருவாட்டுக் கொழம்புதான் தாயி இருக்கு. நீ திம்பியா?"

"போடுங்க, பாப்போம்."

இரண்டாவது முறை நீயே கேட்டு வாங்கினாய். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அம்புட்டு நாளு பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன், ஒண்ணுமே கேக்கலயேடி நான். அதான் என்ன பேசுறதுன்னு தெரியாமக் கெடந்தேன்."

உன் வீட்டில் சொன்னாயா என்று அடுத்த வாரம் கேட்டேன். "சொன்னேன். அம்மா கொஞ்ச நாளு பேசல. நேத்துத்தான் வாயத் தொறந்துச்சு. அந்தக் கருவாட்டுக் கொழம்புக்கு என்ன என்ன போட்டாகன்னு கேட்டுச்சு" என்றாய். இருவரும் சிரித்த சிரிப்பில் அண்ணன் கீழேயிருந்து ஏறி வந்துவிட்டார்.

உனக்குக் கல்யாணமாகிப் பழங்காநத்தம் போன பிறகும் சனிக்கிழமை நின்றுவிடவில்லை, மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரரும் தடை சொல்லவில்லை. சில மாதம் நான் உன் வீட்டுக்கு வருவேன், சில மாதம் நீ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய். ஊர்ப்புற நூலகங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததைப் பார்த்தவளும் நீதான். "ஒனக்குத்தான்டி போட்ருக்கான். போ" என்று என்னைத் துரத்தினாய். என் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே வேலை கிடைத்தது. முதல் நாள் நான் கதவைத் திறந்தபோது ஊர்த்தெருவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், உள்ளே வரவில்லை. மறு வாரம் நீ கைக்குழந்தையோடு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போவோர் வருவோர் காதில் விழும்படி ஒரு பேய்க் கதையை உரக்கப் படித்தாய். முதலில் பிள்ளைகள் வந்தன. பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். மிச்சக் கதையைக் கேட்க வேண்டுமானால் உள்ளே வந்து என்னிடம் புத்தகத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னாய். வாங்கினார்கள். என் கையிலிருந்து வாங்கினார்கள்.

உனக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்ன எடுத்து வரட்டும் என்று கேட்டேன். "சின்னப் புள்ளைக புத்தகம் மட்டும் நாம மாத்திக்கிடவே இல்லடி" என்றாய். ஜலதோஷம் பிடித்த யானை ஒன்று ஊர் ஊராகக் கைக்குட்டை தேடி அலைகிற கதையைக் கொண்டுவந்தேன். தும்முகிற இடம் வந்ததும் நீ சிரித்தாய். பக்கத்துக் கட்டில் அம்மா எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்க, உன் குரல் அவ்வளவு மெலிந்துபோயிருந்தும் முதலிலிருந்து படித்துக் காட்டினாய். ஊசி போட வந்த நர்ஸும் யானைக்குக் கைக்குட்டை கிடைக்கிற வரை நின்றுவிட்டுத்தான் போனார். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அது எனக்குப் போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நினைத்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வருகிறது.

ஒருவர் கையில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்து அவருக்கு இதுதான் ஒத்துவரும் என்று முடிவு கட்டிவிடாத பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. அது இன்னும் என்னோடு இருக்கிறது. கிரானைட் குவாரியில் கிரேன் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் நூலகத்துக்கு வருவார். துப்பறியும் கதையைத் தவிர வேறு அலமாரிப் பக்கம் போகவே மாட்டார். போன வாரம் அவர் கேட்ட நாவலோடு ஒரு கவிதைப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் திருப்பித் தரவில்லை. நேற்றுச் சாயந்திரம் உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்து நின்றார்.

"என்னம்மா புத்தகம் குடுத்த நீ? பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு. படிச்சு முடிச்சும் முடிய மாட்டேங்குது. வண்டி ஓட்டுறப்பயும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு."

"பிடிக்கலையாண்ணே?"

"அத யாரு சொன்னா? வேற இருக்கா?"

"இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அலமாரிக்குப் போனேன்.