டிவி முன்னால் ஒரு காலிப் பாய்

நடூர் மாதா குப்பம்,
பழவேற்காடு.
8-2-1988

என் கண்ணு ஜெசிந்தாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா தயவில் நானும் உன் நைனாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாய் இருக்க தினமும் உனக்கென்றே ஒரு ஜெபமாலை சொல்லுகிறேன். உன் கடிதம் வந்தது. டில்லி மியூசியத்தில் 'எட்டாம் நம்பர் வீடு' நாடகத்துக்குக் கண்காட்சி வைக்கிறார்கள், அதை அமைக்கிற பொறுப்பு உனக்கு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்பது வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் டிவியில் வந்து நம்மைச் சிரிக்கவைத்த நாடகம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மியூசியம் என்றால் பட்டணத்துச் செத்த காலேஜ் மாதிரி ராஜா கத்தியும் திமிங்கில எலும்பும் வைக்கிற இடம் என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்த நாடகத்து வீட்டுக்காரம்மாவின் சாவிக்கொத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாயாமே, நல்லா இருடியம்மா.

ஒரு அறையில் நம் குப்பத்தார் டிவி பார்த்த மாதிரியே வைக்கப்போவதாகச் சொல்லி, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டிருந்தாய். அதை வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன். உன் நைனா வலையைத் தைத்துக்கொண்டு காதே கேட்காதவர் மாதிரி இருந்தார். எளாவூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு நீ டில்லிக்கு ரயில் ஏறினதிலிருந்து இந்த மூன்று வருஷமாக உன் பேரை எடுத்தாலே எழுந்து போகிறவர், அன்றைக்கு எழுந்து போகவில்லை. முதலில் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள் என்று நான் உனக்குப் பதில் எழுத ஆரம்பித்ததும், இன்னாடி பொய் எழுதறே, பாடு வெச்சத எழுதுன்னு ஒரு அதட்டல் போட்டார்.

நீ அப்போது பொன்னேரி ஹாஸ்டலில் இருந்தாய். கோயில் பக்கத்தில் பஞ்சாயத்து டிவி வந்த புதிதில், அதற்கு நேர் எதிரே விரிக்கிற முன்பாய்க்கு ஒரே அடிதடி. ஏரியில் இன்றைக்கு இன்னார்தான் இறாலுக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிறோமே, டிவிக்கும் அதே பாடு இருக்கட்டும், யாருக்கு அன்று ஏரியில் முறையோ அவருக்கே முன்பாய் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லோரும் பெரிய புத்திசாலிகள் மாதிரி தலையாட்டினோம். செவ்வாய்க்கிழமை பார்த்தால் முறைக்காரர்கள் எல்லாம் ஏரியில் வலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முன்பாய் காலி! அடுத்தவன் முறையில் கால் வைப்பது பாவம் என்று ஒருத்தரும் அதில் உட்காரவில்லை. இரண்டு மாசம் ஊரே அந்தக் காலிப் பாய்க்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் நாங்கள் பொம்பளைகள் சண்டை போட்டு, முறைக்காரர் பெண்டாட்டி பிள்ளைகள் உட்காரலாம் என்று ஆனது. இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லிச் சொல்லி உன் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன்னாடி ஒரு பாயைக் காலியா போடச் சொல்லு அவள, இல்லாங்காட்டி அது நம்மூரு டிவி இல்லேன்னார். அவளை என்று உன்னைச் சொன்னார் தாயே! நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நீ கூப்பிட்டிருக்கிற திறப்பு விழாவுக்கு வருகிறீர்களா என்று நான் அவரைக் கேட்கவில்லை, கேட்டால் முறுக்கிக்கொள்வார். அதுவும் அந்த வாரம் அவருக்கு ஏரியில் முறை. கல்யாணமான நாளிலிருந்து அதை விட்டுவிட்டு மனுஷன் எங்கேயும் போனதில்லை, நீ முதன்முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக்குக்கூடக் கோயிலுக்கு வரவில்லையே. நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போனால் எதிர்வீட்டு ஞானாதிக்கம் பெண்டாட்டி, இன்னாக்கா, அண்ணன் உங்க ஏரிப் பாட்ட எங்களுக்குக் குட்த்துட்டாரே, யாருக்குன்னா ஒடம்பு சரியில்லியானு கேட்கிறாள். குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்கு வந்து, நெசமானு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டில்லியில ரொம்ப குளிருமானு கேட்கிறார்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன், உன் கூட இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும். மாதா உனக்குத் துணையிருப்பாள், உன் கண்காட்சிக்கு ஊர் திரண்டு வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷனுக்கு வேறு யாரையும் அனுப்பாமல் நீயே வா. அவர் முதலில் பேசமாட்டார், நீயும் பேசமாட்டாய், அவர் பெற்ற பிள்ளைதானே நீ. இந்த ஒரு தடவை வீம்பை விட்டுவிட்டு, ரயில் நின்றதும் ஓடிவந்து நைனா என்று கூப்பிட்டுவிடு. அதைக் கேட்கத்தான் அந்த மனுஷன் அவ்வளவு தூரம் வருகிறார்.

உன்னைப் பார்க்க நாள் எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
ஆ. சூசையம்மாள்