நீ ஓடாத பந்தயம்

தோழி,

பெரிய பேரன் வேங்கிக்காலில் அரசு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவன் கிரிக்கெட்டில் கோப்பை வாங்கினான். எட்டாவது படிக்கும் பேத்தி நானூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பேத்தியின் பனியனைத் துவைக்க எடுத்தேன். வியர்வையும் செம்மண்ணும் கலந்த அந்த வாசனை உன்னுடையது.

அடி அண்ணாமலையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் ஐந்தாவதோடு நின்றேன். நீ எட்டாவது வரை போனாய். எந்தப் பையனும் உன்னை முந்தியதில்லை. பள்ளிப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பெரிய மனுஷி ஆயிட்டேன்டி. ஓடி முடிக்கிற வரைக்கும் எங்கம்மாகிட்ட சொல்லிடாதடி."

எனக்கோ அது நல்ல சேதி. சேதி கொண்டு வருகிறவள் வாயில் சர்க்கரை போடுவார்கள். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். உன்னைக் கீற்றுக் குடிசையில் உட்கார வைத்தார்கள். பந்தயத்தன்று உன் தம்பி ஓடினான். "யாருடி ஜெயிச்சது?" என்று கீற்றுக்குப் பின்னாலிருந்து கேட்டாய். அதற்குப் பிறகு உன்னைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. உன் தம்பிக்கு மீசை முளைத்தபோது அவனை யாரும் நிறுத்தவில்லை.

"நீயும் சின்னப் பொண்ணுதானேடி" என்பாய் பிறகு. திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் பேத்தி பெரிய மனுஷி ஆனதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். "ஆயா, நாளைக்கு ஓடணும். அம்மாக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க." நானே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பையன்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவள் வயதில் பெண்கள் நாலே பேர். அவள் ஓடி முடித்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். "நீங்களுமா அத்தை?" என்றாள் மருமகள்.

சடங்கு முடிந்தது. பட்டுப்பாவாடைப் படத்தை மகன் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டான். ஓடிய படத்தைப் போடவில்லை. இனி பயிற்சிக்கு அனுப்புவதா என்பதே வீட்டில் பேச்சாக இருக்கிறது.

"அந்தப் படத்துல அரை டவுசர்ல இருக்காம்மா. நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டும்டா. பாத்துட்டா, அப்புறம் அவளை நிறுத்தும்போது நாலு பேரும் ஏன்னு கேப்பாங்க இல்ல?"

நீ ஓடியது என் கண்ணில் மட்டும் இருக்கிறது. நானும் போய்விட்டால் அதுவும் இல்லை. அதனால் இன்று காலையும் மகன் கையில் போனைக் கொடுத்தேன்.

"அவ ஓடற படத்தைப் போடுடா."