ஜன்னலுக்கு எதிரே இருந்த கூடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் சொத்தைச் சரக்கின் மேலே நல்லதைத் தூவி விற்று எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாதம் நிறையவில்லை. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் ஒரே ஆஸ்பத்திரியில், வேறு வேறு மாடியில் இருக்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டேன். "முகாம்ல சிக்னல் கிடையாது சார், கண்டிப்பா சொல்லிடறோம்" என்று ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் தேனாகப் பேசுகிறாள். சொன்னார்களோ, இல்லையோ. அதனால்தான் உங்கள் காட்டு முகாமுக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரைப் பிடித்து, அவர் சட்டைப்பையிலேயே இதை வைத்து அனுப்புகிறேன்.

குழந்தை என் முன்கை நீளம்கூட இல்லை. தராசைப் பிடித்தே பிழைத்தவன் நான். அந்த எடையைக் காகிதத்தில் எழுதக் கை வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருக்கிறார்கள். உங்கள் காது. அதில் சந்தேகமே வேண்டாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், என் பெண் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். எதிரே கிடங்குச் சுவரில் நீங்கள் போன வருஷம் மாட்டிவைத்த மரப்பெட்டி இருக்கிறதே, அதில் நீங்கள் ஆராய்ச்சி செய்யும் அதே கருப்பு வெள்ளைக் குருவிகள் ஜோடியாகக் குடிவந்திருந்தன. விடியும் முன்பே அந்த ஆண் கூரை நுனியில் உட்கார்ந்து கச்சேரியைத் தொடங்கிவிடும். "பாருங்கப்பா, உங்க மாப்பிள்ளை மாதிரியே, வாய் ஓயுதா பாருங்க" என்பாள். நான் சொன்னேன்: தினை வாங்க என் கடைக்கு வந்த மனுஷன், நல்லாப் பாடற ஆணைத்தான் பெண் குருவி ஏன் தேடிப் போகுதுன்னு ஒரு மத்தியானம் பூரா பேசினார், தினை கடையிலேயே கிடந்தது, கல்லாவில் உட்கார்ந்திருந்த என் பெண்தான் அவரோடு போனாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஆண் குருவியைப் பூனை அடித்துவிட்டது. முற்றத்தில் ஒரு வெள்ளைச் சிறகுதான் மிச்சம். பெட்டிக்குள் குஞ்சுகள் பொரித்து, எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பெண் தனியாகப் புழு சுமந்தது. போகும், வரும், மறுபடி போகும். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அப்பா, அவர் காட்டுல இதையேதான் வேணும்னு பண்ணிப் பாக்கறார். ஆணைப் பிடிச்சுக் கொஞ்ச நாள் கூண்டுல வெச்சுடுவாங்க. பெண் ஒண்டியா எத்தனை குஞ்சைக் கரையேத்துதுன்னு எண்ணுவாங்க" என்றாள். "எத்தனையை ஏத்துமாம்?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிடங்கு நிறையத் தானியம் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே ஒரு குடும்பம் பட்டினி கிடப்பதா? தூசி தட்டிப் புடைத்த முதல் ரகத் தினையைத் தாம்பாளத்தில் கொட்டி, பெட்டிக்குக் கீழேயே வைத்தேன். குஞ்சுக்குப் புழுதான் இறங்கும், தானியம் இறங்காது என்று யார் கண்டது? பெண் குருவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்கைகள் பார்த்தன. தினையைத் தின்ன வந்தவை, தலைக்கு மேலே சத்தம் கேட்டு அண்ணாந்தன. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்தது. இவள் ஜன்னல் வழியாக முழுக்கப் பார்த்துவிட்டாள். கோபிக்கவில்லை. "விடுங்கப்பா, உங்க கையில இருந்ததைத்தானே குடுத்தீங்க" என்றாள். அன்று சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் எதற்கும் குறை வைக்கவில்லை. தனி அறை, பெரிய டாக்டர், கேட்ட மருந்து. ஆனால் குழந்தைகள் பகுதி நர்ஸம்மா நேற்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயா, இது பெட்டியால மட்டும் தேறாது. அம்மாவோ அப்பாவோ சட்டையக் கழட்டிட்டு நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும். அந்தச் சூடுதான் இப்போ மருந்து" என்றார். இவளுக்கோ தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல் அடிக்கிறது. குழந்தையிடம் விடமாட்டேன் என்கிறார்கள். இவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நானே பொத்தானை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். காலமெல்லாம் தானியத் தூசி தின்ற நெஞ்சல்லவா, அந்த நேரம் பார்த்து இருமிவிட்டது. "தாத்தா, உங்க இருமல் அதுக்கு எமன். வெளிய போங்க" என்று கையைப் பிடித்து அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரைக் கேட்டேன். பேரம் பேசிப் பழகிய வாய். அவர் விலையே சொல்லவில்லை.

உங்களுக்கு எழுதக் கூடாது என்று இவள் என்னிடம் சத்தியம் கேட்டாள். "கூடு கட்டற காலம் போச்சுன்னா அவருக்கு ஒரு வருஷம் போச்சுப்பா" என்றாள். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். சீசன் நேரத்தில் கடையை விட்டு எழுந்திருப்பது என்னவென்று எனக்கும் தெரியும், மாப்பிள்ளை. உங்கள் வேலையை நான் அற்பமாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்களே சொன்னீர்கள்: "பாட்டு ஜோடி சேரத்தான் மாமா, குஞ்சு தேறணும்னா அப்பன் பக்கத்துல இருக்கணும்." அன்றைக்கு அரைகுறையாகத்தான் காதில் வாங்கினேன்.

கூண்டில் வைத்திருக்கும் ஆண் குருவிகளை முதலில் திறந்துவிடுங்கள். அவற்றின் வீட்டிலும் வாய்கள் பிளந்தபடி இருக்கும். டிரைவரிடம் பேசிவிட்டேன், சாமானை இறக்கியதும் உங்களுக்காகக் காத்திருப்பார். துணி, பொம்மை, பழம் என்று எதற்கும் வழியில் இறங்க வேண்டாம். எல்லாம் இங்கே குவிந்து கிடக்கிறது.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்துதான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நல்லபடியாக, சீக்கிரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
மாமா